விநியோகஸ்தரின் கண்: எஸ்.எஸ். வாசனின் திரைவாழ்வு குறித்து ஒரு மதிப்பீடு

ஃபிக்ஹின் வணிக இயலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து நம்மிடம் ஒரு வினாத் தொடுத்தார். "இன்னும் எடுத்து முடிக்கப்படாத ஒரு சினிமாவின் ஏரியா உரிமையை முன்பணம் கொடுத்து வாங்கினால், அது எந்த வகை வணிகத்தில் சேரும், ஹஸ்ரத்?" வகுப்பு சிரித்தது. சினிமாவே கூடாது என்றிருக்க அதன் கொடுக்கல் வாங்கலுக்கு என்ன சட்டம் என்பது அச்சிரிப்பின் பொருள். நாமும் புன்னகைத்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டோம். ஆயினும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. அதனைக் கேட்ட மாணவருக்கு நாம் அன்று தராத விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நம்மிடையே திரைப்படத்தைப் பற்றிய பேச்சு நெடுங்காலமாக இரண்டே நிலைகளில் நின்றுவிட்டது. ஒன்று, மேடையில் ஒரே சொல்லால் விலக்கிவிடுவது. மற்றொன்று, வீட்டில் ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இவ்விரண்டுக்கும் இடையே ஆராய்ச்சி என்ற ஒன்று இருக்கிறது. நம் முன்னோர்கள் தமக்கு ஒவ்வாத பொருளையும் அதன் உறுப்புகளைப் பிரித்தறிந்த பின்னரே தீர்ப்புரைத்தார்கள். கிரேக்கத் தத்துவத்தை மறுக்கப் புகுந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், முதலில் அத்தத்துவவாணர்களின் நோக்கங்களைத் தனி நூலாகத் தொகுத்தளித்துவிட்டே மறுப்பை எழுதினார்கள் என்பது கற்றோர் அறிந்தது.

அதே இமாமவர்கள் இஹ்யாவில் இசை கேட்டலுக்கு ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். கேட்டல் என்பது தன்னளவில் விலக்கப்பட்டதன்று. புறத்திலிருந்து வந்து சேரும் காரணங்களாலேயே அது விலக்கத்தக்கதாகிறது என்பது அவர்கள் கொண்ட முடிவு. அக்காரணங்களை ஐந்தாகப் பகுக்கிறார்கள்: பாடுபவர், கருவி, பாடற்பொருள், கேட்பவரின் உள்ளநிலை, அது பொதுமக்களுக்குப் பொழுதுபோக்கும் பழக்கமாக ஆகிவிடுதல். பகுப்பின் நுட்பம் வியக்கத்தக்கது. எனினும் அதில் ஒருவர் இடம்பெறவில்லை. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே நின்று அப்பாட்டை ஊர் ஊராக எடுத்துச் சென்று விற்பவர் அவர். பதினோராம் நூற்றாண்டில் அப்படி ஒருவர் தேவைப்படவில்லை. நம் காலத்திலோ அவரன்றி ஓர் அணுவும் அசைவதில்லை. அந்த ஆறாவது ஆளைத் தமிழ்நாட்டுத் திரைவரலாற்றில் தேடினால், முதலில் நம் கண்முன் வருபவர் ஜெமினி எஸ்.எஸ். வாசன்.

இக்கட்டுரையின் நோக்கம் வாசனைப் போற்றுவதோ தூற்றுவதோ அன்று. அவரைப் பெரும்படங்களின் தயாரிப்பாளர் என்றும், 'சந்திரலேகா'வின் இயக்குநர் என்றும், 'ஆனந்த விகடன்' அதிபர் என்றும் பலர் எழுதிவிட்டனர். அவர் அடிப்படையில் ஒரு விநியோகஸ்தர் என்பதும், அவர் எடுத்த படங்களின் உயர்வும் தாழ்வும் அந்த ஒரு கண்ணிலிருந்தே பிறந்தன என்பதும் நம் கருத்து.

விளம்பரத்திலிருந்து விநியோகத்திற்கு

திருத்துறைப்பூண்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்து சென்னைக்கு வந்தவர் வாசன். கல்லூரிப் படிப்பை நிறைவு செய்யாமல், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தருவதும், அஞ்சல்வழிப் பொருள் விற்பதுமாகத் தம் வாழ்வைத் தொடங்கினார். 1926-இல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கி, நடத்த இயலாமல் தவித்த 'ஆனந்த விகடன்' என்னும் சிற்றிதழை 1928-இல் அவர் விலைக்கு வாங்கினார். அதற்கு அவர் கொடுத்தது 200 ரூபாய் என்பர்.

இதழை வாங்கியவர் செய்த முதற்காரியம், அதனை யார் வாசிப்பார், அவர் எங்கே இருக்கிறார், அவரிடம் அதனை எப்படிச் சேர்ப்பது என்று கணக்கிட்டதே. நகைச்சுவை, தொடர்கதை, கருத்துப்படம் ஆகியவற்றோடு, பரிசுத்தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டியும் விகடனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பரிசுப் போட்டி ஒருபுறம் இருக்க, குதிரைப் பந்தயத்திலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. சூதை 'மைஸிர்' என்று விலக்கிய மார்க்கத்தின் பிள்ளைகளாகிய நாம் இதனை மறைத்துப் பேசவேண்டியதில்லை. வணிகத்தில் இடர் ஏற்பது வேறு; இடரையே சரக்காக்குவது வேறு. வாசனின் வாழ்வில் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

வாசன் எழுதிய 'சதி லீலாவதி' என்னும் கதை 1936-இல் திரைப்படமாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்க இளைஞர் அதனை இயக்கினார், எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். ஆனால், கதாசிரியராகத் திரையுலகின் வாயிலில் நின்ற வாசன் உள்ளே நுழைந்தது கதையின் வழியாக அன்று. ஜெமினி பிக்சர்ஸ் சர்க்யூட் என்ற பெயரில் பிறர் எடுத்த படங்களை வாங்கி விநியோகிப்பவராகவே அவர் நுழைந்தார். 1939-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' அவ்வாறு அவர் விநியோகித்த படங்களுள் புகழ்பெற்றது. கல்கி எழுதிய அக்கதை விகடனில் தொடராக வந்தபோதே படத்தின் காட்சிகள் அதற்குச் சித்திரங்களாக அச்சிடப்பட்டன. படிப்பவர் படம் பார்க்க விரும்பினார். பார்த்தவர் மீண்டும் படிக்க விரும்பினார். ஒரு பொருளை இரண்டு வழிகளில் மக்களிடம் சேர்க்கும் இத்திறம் அன்றைய தமிழ்நாட்டிற்குப் புதிது. பின்னர் ஆங்கில அரசு அப்படத்திற்குத் தடை விதித்தது.

கே. சுப்பிரமணியத்தின் படப்பிடிப்பு நிலையம் தீவிபத்துக்கு உள்ளாகி ஏலத்திற்கு வந்தபோது, 86,000 ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு வாசன் அதனை எடுத்தார். அதுவே ஜெமினி ஸ்டுடியோ ஆயிற்று. 1941-இல் 'மதனகாமராஜன்', 1942-இல் 'நந்தனார்', 1943-இல் 'மங்கம்மா சபதம்' எனப் படங்கள் தொடர்ந்தன. ஆக, பதினைந்தாண்டுக் காலத்தில் அவர் நடந்த வழி விளம்பரம், இதழ், விநியோகம், அதன் பின்னரே தயாரிப்பு என்பதாகும். பிறர் சரக்கைச் செய்துவிட்டுச் சந்தையைத் தேடினர். வாசன் சந்தையை அறிந்துகொண்டு சரக்கைச் செய்யத் தொடங்கினார்.

இப்னு கல்தூன் சொன்ன வணிகர்

வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில், சரக்கை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் வணிகரைப் பற்றி ஒரு சிறு அத்தியாயம் வரைந்துள்ளார். தொழிலறிந்த வணிகர் செல்வரும் வறியரும், அரசரும் குடிகளும் ஒருங்கே வேண்டுகின்ற பொருளையே ஏற்றிச் செல்வார். மிக உயர்ந்த ரகத்தை வாங்கச் சிலரே உளராதலின் நடுத்தர ரகத்தையே தேர்வார். தொலைவும் இடரும் மிக்க பாதையில் கொண்டு செல்லப்படும் பொருளுக்கே ஆதாயம் மிகுதி. இவையே அவ்வத்தியாயத்தின் சாரம். ஒட்டகங்களின் காலத்தில் எழுதப்பட்ட அக்கருத்துகள், 1948-ஆம் ஆண்டின் 'சந்திரலேகா'வுக்கு அப்படியே பொருந்துகின்றன.

அப்படத்தின் கதை எளியது. அரியணைக்காக மோதும் இரண்டு இளவரசர்கள். அவர்களிடையே அகப்பட்ட ஒரு நாட்டியப் பெண். மூலத்தைத் தேடினால் ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் மலிவுப் பதிப்புக் கதையொன்றில் போய் முடிகிறது. டி.ஜி. ராகவாச்சாரியார் இயக்கத் தொடங்கியதை வாசனே ஏற்று முடித்தார். சர்க்கஸ், வாட்போர், பெருநாட்டியம் என்று காட்சிமேல் காட்சியாக அடுக்கப்பட்டன. செலவு 30 லட்சம் ரூபாய் என்று கணக்கிடப்படுகிறது. அதற்குமுன் இந்தியாவில் எந்தப் படத்திற்கும் அவ்வளவு செலவழிக்கப்பட்டதில்லை. கையிலிருந்ததை எல்லாம் வாசன் அதில் வைத்துவிட்டார் என்பது அவரைப் பற்றி எழுதியோர் பலரும் சொல்வது.

1948 ஏப்ரல் 9 அன்று தென்னாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் படம் வெளியாயிற்று. கூட்டம் குவிந்தது, எனினும் தமிழ்நாட்டு வசூல் மட்டும் போட்ட முதலை மீட்கப் போதவில்லை. இடர்மிக்க நெடும்பாதை என்று இப்னு கல்தூன் சொன்னது இவ்விடத்தில்தான் நினைவுக்கு வருகிறது. வாசன் மனம் தளராமல் படத்தை இந்தியில் மீண்டும் வடிவமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் வடநாடெங்கும் வெளியிட்டார். அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன. முழுப்பக்க விளம்பரங்களும் சுவரொட்டிகளும் வடநாட்டு நகரங்கள் அதுவரை காணாத அளவில் படத்தை அறிவித்தன. தென்னாட்டுப் படம் ஒன்று வடநாட்டில் கொடிகட்டியது அதுவே முதன்முறை. மொழி தெரியாதவருக்கும் விளங்கக்கூடியது எது என்பதை முன்கூட்டியே கணித்த ஒருவரால்தான் இது இயன்றிருக்கும். முரசும் வாளும் யானையும் மொழிபெயர்ப்பை வேண்டுவதில்லை.

நம் வாப்பா அவர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளையாக, மேலப்பாளையத்திலிருந்து ஆற்றைக் கடந்து டவுனுக்கு நடந்து சென்று இப்படத்தைப் பார்த்தவர்கள். பாட்டனாரிடம் அதற்காகப் பெற்ற தண்டனையையும் சேர்த்தே பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்கள். கதை அவர்களுக்கு நினைவில் இல்லை. நடிகர்களின் பெயரும் அவ்வளவாக நினைவில் இல்லை. வரிசை வரிசையாக நின்ற பெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆடியதும், ஆட்டம் முடிந்த கணத்தில் முரசுகளைத் திறந்துகொண்டு வீரர்கள் வெளிப்பட்டதும் மட்டுமே அறுபதாண்டுகள் கழிந்த பின்னும் அவர்களிடம் நின்றன. நெல்லையின் ஒரு தறிக்காரப் பிள்ளைக்கும், பிகாரின் ஒரு வண்டிக்காரருக்கும், தில்லியின் ஒரு கடைக்காரருக்கும் ஒன்றுபோல நினைவில் தங்கக்கூடியதை அறிந்து கொடுத்தது வாசனின் திறம். எளிய மனிதரை அவர் இகழவில்லை. கடைசி பெஞ்சில் அமர்ந்தவரும் காசு கொடுத்தவரே என்ற நினைவு அவர் எடுத்த ஒவ்வொரு படத்திலும் உண்டு. இது அவருடைய பெருமை.

நடுத்தரத்தின் விலை

இனி, அப்பெருமையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். நடுத்தர ரகத்தைத் தேர்வது வணிகருக்கு அறிவுடைமை. கலைஞருக்கும் அதுவே அறிவுடைமையா என்பதுதான் வினா.

1947-இல் ஜெமினி 'மிஸ் மாலினி' என்றொரு படத்தை வெளியிட்டது. ஆர்.கே. நாராயணின் கதை, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். நகர வாழ்வின் போலித்தனத்தை, பேச்சால் பிழைக்கும் ஒரு மனிதரின் வழியாக எள்ளி நகைத்த கதை அது. வசூலில் அது வெற்றி பெறவில்லை. அடுத்த ஆண்டு 'சந்திரலேகா' வந்தது. ஜெமினியின் பாதை பெரும்பாலும் அத்திசையிலேயே சென்றது. 1952-இல் வாசனே அக்கதையை இந்தியில் 'மிஸ்டர் சம்பத்' என எடுத்தார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அவருக்கு அதன் சுவை தெரியாமலில்லை. ஆனால், தெரிந்த சுவையைவிட விற்கும் சுவைக்கே அவருடைய நிலையம் பழகியிருந்தது.

1960-இல் வந்த 'இரும்புத்திரை'யும் அதற்கு முந்தைய ஆண்டு வந்த இந்தி வடிவமான 'பைகாம்' என்ற படமும் ஆலைத் தொழிலாளர்க்கும் முதலாளிக்கும் இடையிலான பூசலைப் பேசின. இந்தியில் திலீப்குமார் என்று அறியப்பட்ட யூசுஃப்கான் நடித்தார். தமிழில் சிவாஜி கணேசன். நூற்றுக்கணக்கானவர்க்கு மாதச்சம்பளம் தரும் முதலாளி ஒருவரே தொழிலாளர் கதையை எடுத்தது கருதத்தக்கது. ஆயினும் உழைப்பவரும் உடையவரும் மோதிக்கொள்ளும் இடத்தில் குடும்பத்துக் கண்ணீர் புகுந்து இருவரையும் சமாதானம் செய்துவிடுகிறது. எந்த ஊர்த் திரையரங்கிலும் எவர் மனமும் புண்படாது. அதனாலேயே எவர் மனமும் மாறவும் இல்லை. விநியோகஸ்தரின் கண் ஒருவரையும் இழக்க அஞ்சும். ஒருவரையும் இழக்க அஞ்சுகிற படைப்பு ஒருவரிடமும் கடிந்து பேச இயலாது.

இவ்விடத்தில் நம் நெல்லைச் சீமையோடு தொடர்புடைய ஒருவரை நினைவுகூர்தல் தகும். திருநெல்வேலியில் வளர்ந்து, இந்துக் கல்லூரியில் பயின்று, தமிழ்ச் சிறுகதையின் தலைமகனான புதுமைப்பித்தன் நாற்பதுகளில் திரைத்துறைக்குச் சென்றார். ஜெமினியின் 'அவ்வையார்' படத்திற்கு அதன் தொடக்கக் கட்டத்தில் எழுதியவர்களுள் அவரும் ஒருவர். பின்னர்த் தாமே தயாரிப்பாளராக முனைந்து, குற்றாலக் குறவஞ்சியின் நாயகியை வைத்து 'வசந்தவல்லி' என்றொரு படம் எடுக்கத் திட்டமிட்டார். அது உருப்பெறவில்லை. 'சந்திரலேகா' வெளியாகி மூன்று மாதம் நிறைவதற்குள், 1948 ஜூன் 30 அன்று, காசநோயால் அவர் மறைந்தார். 'அவ்வையார்' 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் நடிப்பில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது.

ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்த இதனைச் சொல்லவில்லை. எழுத்தை அறிந்தவருக்கு வழி தெரியவில்லை. வழியை அறிந்தவருக்கு அவ்வெழுத்தின் கூர்மை தேவைப்படவில்லை. இவ்விருவரும் ஒரே வளாகத்துக்குள் சிலகாலம் இருந்தும் தமிழுக்கு அதனால் பெரும்பயன் விளையாமற் போனதே நம் வருத்தம். 1952 முதல் 1966 வரை ஜெமினியில் பணியாற்றிய அசோகமித்திரன் அந்நிலையத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளை வாசிப்போர், எழுதத் தெரிந்தவர்கள் பலர் அங்கே சம்பளம் பெற்றுக்கொண்டு எழுதாமலே காலம் கழித்ததை உணர்வர்.

முரசும் ஈரநெல்லும்

அண்ணலார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டறிந்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்தது. நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்பது அவர்கள் அவ்வணிகரிடம் கேட்ட கேள்வியின் சாரம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' என்னும் செயலையும் அவர்கள் தடுத்தார்கள். முதலாவது சரக்கின் குறையை மறைப்பது. இரண்டாவது சரக்கின் மதிப்பைப் பொய்யாக உயர்த்துவது. சந்தையின் நேர்மைக்கு இவ்விரு வேலிகள் போதும்.

விளம்பரம் அனைத்தும் நஜ்ஷ் ஆகாது. உள்ளதை உரக்கச் சொல்வது அறிவிப்பே. வாசன் அறிவித்த முரசுகள் திரையில் மெய்யாகவே இருந்தன. காட்டுவேன் என்றதைக் காட்டினார். அதனினும் முக்கியமாக, தம் படங்களைத் தம் சொந்த விநியோக அமைப்பின் வழியாகவே பெரும்பாலும் அனுப்பினார். எனவே படம் தோற்றால் முதல் அடி அவர்மேலேயே விழுந்தது. ஆதாயத்தின் உரிமை இழப்பின் பொறுப்போடு சேர்ந்தே வரும் என்பது நம் சட்டக்கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. 'சந்திரலேகா'வில் அவ்விதியை அறிந்தோ அறியாமலோ வாசன் நிறைவேற்றினார். இதனை மனமுவந்து பாராட்ட வேண்டும்.

ஆனால், அவருடைய வெற்றி பிறருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் வேறாயிற்று. முரசை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் பலர். முதலை வைத்து இடரை ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே. நாளடைவில் தமிழ்நாட்டுச் சந்தை ஏரியாக்களாகக் கூறிடப்பட்டது. சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை–இராமநாதபுரம், திருச்சி–தஞ்சை ஆகியவற்றோடு, திருநெல்வேலி–கன்னியாகுமரி என்னும் 'டி.கே.' ஏரியாவும் ஒன்று. கன்னியாகுமரி 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்தன. அரசின் வரைபடம் மாறிக்கொண்டே இருக்க, படவணிகத்தின் வரைபடம் மாறவில்லை.

அவ்வேரியாவின் உரிமையை உள்ளூர் வணிகர் ஒருவர் மூன்று முறைகளில் ஒன்றின்படி பெறுவார். குறிப்பிட்ட தொகைக்கு முழுவதுமாக வாங்கிவிடுவது ஒன்று. இதில் ஆதாயமும் இழப்பும் அவருடையவை. குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை முன்னதாகத் தந்து, அதற்குமேல் வருவதைப் பகிர்ந்துகொள்வது மற்றொன்று, 'எம்.ஜி.' என்பது இதுவே. முன்பணம் தந்து, கழிவுத்தொகைக்குப் படத்தை ஓட்டிக் கொடுப்பது மூன்றாவது. மூன்றாவதில் விநியோகஸ்தர் ஒரு முகவர். நம் நூல்களில் 'வகாலத்' என்பதற்கு நெருக்கமானது. இரண்டாவதை ஆராயும்போதுதான் இடறல் தோன்றுகிறது. அது கூட்டு வணிகமா, விற்பனையா? கூட்டு எனில், கூட்டாளிகளுள் ஒருவருக்கு மட்டும் இவ்வளவு தொகை உறுதி என்று நிபந்தனையிட்டால் அக்கூட்டே செல்லாது என்பது சட்ட அறிஞர்களின் ஒருமித்த கருத்து. விற்பனை எனில், விற்கப்படும் பொருள் என்ன, அதனை வாங்குபவர் கண்டாரா?

இங்கே நம் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல நேர்கிறது. நம் தாய்மாமா ஒருவர் ஆறு தறிகளுக்கு உரிமையாளர், கணக்கில் கெட்டிக்காரர். எண்பதுகளில், எடுத்துக்கொண்டிருந்த ஒரு படத்தின் டி.கே. ஏரியா உரிமையை எம்.ஜி. முறையில் வாங்கினார். அவர் கண்டது பூஜை அழைப்பிதழும், புகைப்பட ஆல்பமும், இரண்டு பாடல்களும் மட்டுமே. படத்தின் பெயரும் எடுத்தவரின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. பிசான அறுவடை முடிந்து ஊர்ப்புறத்தில் காசு புழங்கும் நேரமாகப் பார்த்து வெளியிட்டார். டவுனில் இரண்டாம் வாரத்தைக் காணாத படம், அம்பாசமுத்திரத்திற்கும் சேரன்மகாதேவிக்கும் போய்ச் சேர்வதற்கு முன்பே அதன் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. செங்கோட்டை ரயிலில் சென்ற படப்பெட்டி அதே ரயிலில் திரும்பிவந்தது. தறிகள் போயின, பின்னர் வீடும் போயிற்று.

மாமா யாரையும் ஏசவில்லை. எவர் கேட்டாலும் ஒன்றையே சொல்வார்: "பாக்காத சரக்குக்கு வெல பேசுனேன், மருமவனே. வேற ஒண்ணும் இல்ல."

கல்வியறிவு மிகுதியும் இல்லாத அவர் சொன்ன அச்சொல்லில் ஃபிக்ஹின் ஓர் அத்தியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காணாத பொருளை வாங்கியவருக்கு, கண்ட பின்னர் ஏற்கவோ விலகவோ உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபின் பிந்தைய கருத்தின்படியோ காணாத பொருளின் விற்பனையே செல்லாது. சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு 'இஸ்திஸ்னா' என்றொரு வாயிலை ஹனஃபி அறிஞர்கள் திறந்துவைத்தார்கள். அதிலும், செய்து முடித்த பொருளைக் கண்ட பின்னர் விலகலாம் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) உரைக்க, சொன்னபடியே பொருள் அமைந்திருந்தால் விலகக்கூடாது, விலகினால் செய்தவருடைய உழைப்பு வீணாகும் என்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) உரைத்தார்கள். ஒருவர் வாங்குபவரைக் காக்கிறார். மற்றவர் செய்பவரைக் காக்கிறார். இருவருமே ஒன்றை முன்நிபந்தனையாகக் கொள்கிறார்கள்: பொருள் இன்னது என்று முன்னதாகவே தெளிவாக விவரிக்கப்பட்டிருக்க வேண்டும். நாற்காலியை விவரிக்கலாம், காலணியை விவரிக்கலாம். ஒரு திரைப்படத்தின் தரத்தை எந்தச் சொல்லால் விவரிப்பது? நடிகரின் பெயரும் பாடலின் எண்ணிக்கையும் அத்தரத்தின் விவரணம் ஆகா.

நம் மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். படத்தில் இடம்பெறும் காட்சி எத்தகையது என்னும் வினா ஒருபுறம் இருக்க, எடுக்கப்படாத படத்தை ஏரியா பேசி விற்பதில் தெளிவின்மை, அதாவது 'கரர்', அளவு கடந்து நிற்கிறது. படத்தை முழுவதுமாகத் திரையிட்டுக் காட்டிய பின்னர் விலை பேசினால், அல்லது உத்தரவாதத் தொகையைக் கைவிட்டு ஆதாயத்தையும் இழப்பையும் விகிதப்படி பகிர்ந்துகொண்டால், அவ்விடறலின் பெரும்பகுதி நீங்கும். இது புதுமையான யோசனையுமன்று. கதீஜா (ரலி) அவர்களின் முதலோடு அண்ணலார் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்கு மேற்கொண்ட வணிகப் பயணத்தின் அடிப்படை இதுவே.

ஆறாவது ஆள்

வாசன் 1964-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 26 அன்று காலமானார். ஜெமினி ஸ்டுடியோ எழுபதுகளில் ஒடுங்கிற்று. அது நின்ற மண்ணின் ஒரு பகுதியில் பின்னர் நட்சத்திர விடுதியொன்று எழுந்தது. அருகிலுள்ள மேம்பாலத்தை மட்டும் மக்கள் அந்நிலையத்தின் பெயராலேயே அழைத்து வருகின்றனர். தாமிரபரணிக் கரையூர்களின் கீற்றுக் கொட்டகைகளும் மறைந்தன, படப்பெட்டிகளும் மறைந்தன. படம் இப்போது பெட்டியில் வருவதில்லை. மின்கோப்பாக அரங்குக்கும், இணையத்தின் வழியே கைப்பேசிக்கும் வருகிறது.

ஆயின் ஆறாவது ஆள் மறையவில்லை, முன்னினும் வலுப்பெற்றிருக்கிறார். நாம் எதனைப் பார்க்க வேண்டும் என்பதைத் தொலைவிலிருக்கும் நிறுவனங்களின் கணக்கீடுகள் நமக்காகத் தேர்கின்றன. நம்மை அவை அறியும். அவற்றை நாம் அறியோம். வாசனுக்குக் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த மனிதரின் முகம் தெரியும். இன்று தேர்பவருக்கு அம்முகமும் தேவைப்படுவதில்லை. ஆகவே, பாடுபவரையும் கருவியையும் பாடலையும் மட்டும் ஆராய்ந்து தீர்ப்புரைக்கும் ஆலிமின் பணி பாதியிலேயே நின்றுவிடுகிறது. விற்பவர் யார், அவர் எவ்வளவு இடரைத் தாம் ஏற்கிறார், எவ்வளவைப் பிறர் தலையில் ஏற்றுகிறார் என்று வினவுவதும் அப்பணியில் சேர வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இச்சமுதாயத்தில் நூல் எழுதுவோர் குறைவில்லை, பாடுவோர் குறைவில்லை. எழுதியதை எவரிடம் சேர்ப்பது, அவர் எங்கே இருக்கிறார் என்று கணக்கிடுவோர் மிகக் குறைவு. நம்முடைய எத்தனையோ நல்ல நூல்கள் 500 படி அச்சாகி, 300 படி அச்சிட்டவர் வீட்டுப் பரணிலேயே உறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். வாசனின் நடுத்தர ரகத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவருடைய பந்தயக் குதிரையும் நமக்கு வேண்டா. ஆனால், பெறுபவரின் வாசலை அறிந்த பின்னரே பொருளைச் செய்யத் தொடங்கிய அந்த ஒழுங்கை அவரிடமிருந்து கற்றுக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. ஞானம் இறைநம்பிக்கையாளர் தொலைத்த பொருள். கண்ட இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் முன்னோர் வழக்கு.

மாமா காலமானபோது அவருடைய பொருள்களுள் துருவேறிய ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் படச்சுருள் எதுவும் இல்லை; அந்தப் புகைப்பட ஆல்பம் மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டு வணிக இயலை நடத்தும்போது அதனை வகுப்புக்கு எடுத்துச் சென்று, காணாத பொருளின் விற்பனை என்னும் பாடத்தை அதிலிருந்தே தொடங்க எண்ணியிருக்கிறோம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.